காருக்குள் இருந்து கேட்ட கலியாணம்

என் ராசா,

மருமகள் துளசி அனுப்பிய கலியாணப் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. நான் ஒவ்வொன்றாகத் திறந்து, யார் எங்கே நிற்கிறார்கள், யார் என்ன நிறத்தில் உடுத்திருக்கிறார்கள், உன் தலைப்பாகை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படத்தை அவர் கையிலேயே கொடுக்காமல் ஏன் வாயால் சொல்கிறேன் என்று நீ கேட்பாய். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

உன் செய்தி என் போனில் அப்படியே இருக்கிறது. தாலி கட்டி முடிந்து, எங்களோடு லைன் அறுந்த கையோடு நீ அனுப்பியது. "அம்மா, என்ரை கலியாணத்தண்டைக்கும் அப்பாவுக்கு எங்கையோ போக வேண்டியிருந்ததோ? ஒரு மணித்தியாலம் வீட்டிலை இருக்கேலாமல் போச்சோ?" அதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. அதன் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் "சாப்பிட்டியளோ, மழை பெய்ததோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். உன் குரலில் இருக்கிற மனத்தாங்கல் எனக்குத் தெரியாமல் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அவருடைய காது இப்போது பூனைக்காது. தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து, ஊரிலுள்ளவர்களின் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியவள் நான். சொந்தமாக ஒரு நீளக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காருக்குள் இருந்து போனில் உன் கலியாணத்தைப் பார்த்தோமே, நாங்கள் எங்கேயும் போகவில்லை. கார் எங்கள் வீட்டு முற்றத்தில், தகரக் கொட்டிலுக்குக் கீழே, நின்ற இடத்தில்தான் நின்றது. இரண்டாவது, அப்பாவுக்குக் கண் தெரியாது. மங்கல் என்று நாங்கள் சொன்னது பொய். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். வேறொன்றும் தெரியாது. நீ கடைசியாக வந்துபோன பிறகு கண்ணின் அழுத்தம் கூடிக் கூடி, வைத்தியம் செய்தும் நிற்காமல், இப்படி வந்து முடிந்தது. போனில் அவர் கறுப்புக் கண்ணாடியோடு இருந்ததும், இரண்டு சொல் கதைத்துவிட்டு "அம்மாவிட்டைக் குடுக்கிறன்" என்று சொன்னதும் இதனால்தான். நீ அதை உன் மேல் உள்ள பழைய கோபம் என்று எடுத்திருப்பாய்.

பழைய கோபம் என்று எழுதியதும் எனக்குச் சண்டிலிப்பாய் றோட்டுத்தான் ஞாபகம் வருகிறது. உனக்கு அப்போது பதினாறு வயது. மாமா சுவிஸிலிருந்து வந்தபோது உனக்கென்று அந்தப் பாட்டுக் கருவியைக் கொண்டுவந்து தந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, நடுவில் வட்டமாக ஒரு பொத்தான். எங்கள் ஜப்பான் காரில் இருந்த பாட்டுச் செற் அப்போதே பழசு. ரேடியோவில் எங்கள் நிலையங்கள் பாதி பிடிக்காது. கசெற் போடுகிற வாய் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். நீதான் பஸ் நிலையத்துப் பக்கக் கடைகளில் அலைந்து, கசெற் போலவே ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கிவந்தாய். உள்ளே நாடா இல்லை. பக்கத்தில் எலிவால் மாதிரி ஒரு வயர். கசெற்றைச் செற்றுக்குள் தள்ளி, வயரின் நுனியைக் கருவியில் செருகினால், உன் பாட்டு காரின் நாலு கதவாலும் வந்தது. நீ அதைச் செய்து காட்டியபோது உன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை.

அப்பா விவசாயப் போதனாசிரியர். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் யாராவது ஒரு கமக்காரர் கூப்பிட்டால் போகாமல் இருக்கமாட்டார். அன்றைக்குச் சண்டிலிப்பாயில் ஒருவருடைய புகையிலைத் தோட்டத்தில் இலைச்சுருட்டு நோய் வந்துவிட்டதென்று போனார், எங்களையும் கூட்டிக்கொண்டு. திரும்பும்போது பின்சீற்றில் உனக்குப் பக்கத்தில் அவர்கள் தந்துவிட்ட இரண்டு பூசணிக்காய். நீ முன்னுக்கு எட்டி உன் பாட்டைப் போட்டாய். அப்பா கொஞ்சத் தூரம் ஓட்டினார். பிறகு ஒரு கையால் வயரைப் பிடித்து இழுத்தார். கருவி அவருடைய காலடியில் போய் விழுந்தது.

"உது பாட்டோ? தகரம் தட்டிற சத்தம்," என்றார்.

"அப்ப நிப்பாட்டுங்கோ. நான் இறங்கி நடக்கிறன்," என்றாய் நீ.

அவர் நிப்பாட்டினார். நீ இறங்கினாய். வெயிலில், தோட்டக் கரையோரமாக நீ விறுவிறென்று நடந்தாய். அப்பா காரை முதலாம் கியரில் போட்டு உனக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வந்தார். அவர் கூப்பிடவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. சைக்கிளில் வந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு விலகிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்கள். மானிப்பாய் கிட்ட வரும்போது நீயாகவே கதவைத் திறந்து ஏறி இருந்தாய். அதன் பிறகு நீ நல்லூரில் ரியூசனுக்குப் போனாலும் சைக்கிள்தான், மழை என்றாலும் சைக்கிள்தான். அப்பாவோடு காரில் ஏற வேண்டி வந்தால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாய். இரண்டு பேரும் ஒரே அச்சு என்று எனக்குத் தெரியும். சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும் என்றும் தெரியும்.

நீ நோர்வேக்குப் படிக்கப் போன நாள், விமான நிலையம் வரைக்கும் அப்பாதான் ஓட்டினார். போகும் வழி முழுக்கச் செற் போடவே இல்லை. உன்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வந்து, உன் விமானம் ஏறியிருக்கும் என்று நாங்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, திரும்பி வெளிக்கிட்டோம். வவுனியாவையும் தாண்டினோம். பிறகு, "உந்தப் பெட்டிக்குள்ளை அவன்ரை சாமான் கிடக்கும். எடும்," என்றார். காரின் முன்பக்கக் கைப்பெட்டியைத் திறந்தேன். புதுப் போனில் பாட்டெல்லாம் இருக்கிறதென்று நீ விட்டுவிட்டுப் போன கருவி, வயர் சுற்றியபடி கிடந்தது. "போடும்," என்றார். எனக்கு அதை எங்கே செருகுவது என்று தெரியாது. காரை ஓரமாக நிப்பாட்டி அவரே செருகினார். அதே தகரம் தட்டுகிற பாட்டுத்தான் வந்தது. ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போது அவர் சொன்னார்: "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்." நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

கண்ணின் கதை மெல்ல மெல்லத்தான் தொடங்கியது. கத்தரி இலையில் இருக்கிற புள்ளியை அவரால் பார்க்க முடியவில்லை. தோட்டக்காரரிடம் சொல்ல வெட்கப்பட்டு, தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை மதிலில் காரின் இடப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். இறங்கி, கீறின இடத்தை விரலால் தடவிவிட்டு, கார்த் திறப்பை என் கையில் தந்தார். "இனிக் காரை நீர் ஓட்டும்," என்றார். ஐம்பத்தெட்டு வயதில் நான் கார் பழகினேன் ராசா. உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய். அப்பா பக்கத்துச் சீற்றில் இருந்து காதாலேயே பழக்கினார். "என்ஜின் அழுகுது, கியரை மாத்தும்." "பின்னுக்கு லொறி வருது, ஓரம் எடும்." கொக்குவில் றெயில் கடவையில் ஒருமுறை என் கையில் என்ஜின் நின்றுவிட்டது. பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். அவர் ஆறுதலாக, "கோச்சி இன்னும் கிட்ட வரேல்லை. எனக்குக் கேக்கும். பதறாமல் ஸ்ரார்ட் பண்ணும்," என்றார். அந்த நேரத்தில் நான் அவரை நம்பினது போல் கலியாணம் கட்டின நாளில்கூட நம்பவில்லை.

பின்னேரங்களில் நாங்கள் காரில் ஒரு சுற்றுப் போவோம். உன் கருவி அவருடைய மடியில் இருக்கும். போன் என்றால் அவருக்கு வெறும் கண்ணாடி, தடவினால் ஒன்றும் பிடிபடாது. இதில் பொத்தான் இருப்பதால் விரலால் கண்டுபிடிப்பார். உன் பாட்டு எல்லாம் அவருக்கு வரிசையாகப் பாடம். இங்கிலிசுச் சொல்லு விளங்காததால் தானே பெயர் வைத்திருக்கிறார்: தகரப் பாட்டு, அழுகிற பெடியன், சண்டைக்காரி, மழைக்கு முந்தினது. "இனி அழுகிற பெடியன் வருவான், பாரும்," என்பார். வருவான். இடையில் ஒரு இடத்தில் பாட்டு இல்லை. நீயும் உன் கூட்டாளிகளும் ரியூசன் கொட்டிலில் மர வாங்கில் தட்டிப் பாடினதை நீ அதில் பதிந்து வைத்திருக்கிறாய். மறந்திருப்பாய். முடிவில் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ, "ஓம், வாறன்," என்கிறாய். அந்த வயதுக் குரல். அது வரும்போது நான் பிரேக்கை மெல்ல மிதிப்பேன். அவர் அதைத் திருப்பிப் போடமாட்டார்.

ஒருநாள் திடீரென்று என்னைக் கேட்டார்: "உமக்கு எந்தப் பாட்டு விருப்பம்?" கலியாணம் கட்டின முப்பத்துநாலு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை, நானும் கேட்கப்படவில்லையே என்று நினைத்ததில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்டும் பாடாமல் இருந்தால் விருப்பம்," என்றேன். அவர் சிரித்துவிட்டு நிப்பாட்டினார். அன்றைக்கு வீடு வரும் வரைக்கும் காற்றுச் சத்தம் மட்டும்தான். நீயும் இப்போது ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக் கார் ஓட்டப்போகிறவன். துளசியிடம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வெள்ளெனவே கேட்டுவிடு.

உன் கலியாணம் பேசி முற்றானதும் நான் சொன்னேன், இனி மறைக்கவேண்டாம், எங்கள் தம்பியிடம், உன்னிடம்தான், சொல்லுவோம் என்று. அவர் மறுத்துவிட்டார். "சொன்னால் அவன் கலியாணத்தைத் தள்ளி வைப்பான். இல்லாட்டி இஞ்சை வந்து நிப்பான். நான் அங்கை போனாலும், ஒராளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, சனம் மாப்பிள்ளையை விட்டிட்டு என்னைத்தான் பாக்கும். எல்லாம் முடியட்டும்." அதனால்தான் முழங்கால் நோ, விசா அலுவல் என்று உனக்குக் கதை சொன்னோம். நான் மட்டுமாவது வந்திருக்கலாம் என்று நீ நினைக்கலாம். அவரை யாரிடம் விட்டுவிட்டு வர? நல்லதென்று நினைத்து மறைத்தோம். அது உன்னிடம் போய் வேறு விதமாகச் சேர்ந்தது. நீங்கள் இரண்டு பேரும் எங்களைப் போல் செய்யவேண்டாம். கெட்ட செய்தி என்றாலும் அன்றன்றைக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் துளசியின் தம்பி மண்டபத்திலிருந்து போன் எடுத்துச் சரிபார்த்தான் அல்லவா? எனக்குப் படம் நன்றாகத் தெரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனின் சின்னச் சத்தத்தில், மண்டப எதிரொலியில், யார் கதைக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் விறாந்தையில் நின்று, "கார் செற்றிலை போட்டால் கேக்கும்," என்றார். என் போனில் அந்த வயரைச் செருக ஓட்டை இல்லை. விடிந்ததும் நான் சந்திக்குப் போய், போன் கடை திறக்கும் வரைக்கும் படியில் காத்திருந்து, இடையில் மாட்டுகிற ஒரு சின்னத் துண்டை வாங்கிவந்தேன். அவர் அதற்குள் குளித்து, பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, விபூதி பூசி, காருக்குள் போய் இருந்துவிட்டார். போனைக் காரின் முன் கண்ணாடியோடு சாய்த்து வைத்தேன். நாலு கதவையும் திறந்து விட்டோம். பக்கத்து வீட்டு ரீச்சரும் அவருடைய மனுசனும் கதிரை கொண்டுவந்து வெளியே இருந்தார்கள். அவர்கள் கமெராவில் தெரிந்திருக்க மாட்டார்கள். தாலி கட்டுகிற நேரம் பற்றறி இறங்கிவிடும் என்று பயந்து என்ஜினைப் போட்டேன். உடனே அந்தக் கார், பெல்ற் போடவில்லை என்று மணியடிக்கத் தொடங்கியது. ஐயருடைய மந்திரத்துக்கு மேலால் இது டிங் டிங் என்கிறது. அப்பா, "பெல்ற்றைப் போடும், பெல்ற்றைப் போடும்," என்று தானும் போட்டுக்கொண்டார். நீ பார்த்தது அதைத்தான். பெல்ற்றும், கறுப்புக் கண்ணாடியும், ஓடுகிற என்ஜினும்.

நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன், அவர் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். "தம்பிக்குத் தொண்டை அடைக்குது, மந்திரம் திருப்பிச் சொல்லேக்கை பாரும்." "அது பொம்பிளையின்ரை காப்புச் சத்தம். பக்கத்திலை வந்து இருந்திட்டா." "சிரிக்கிறா. நல்ல சிரிப்பு." துளசியை அவர் முதலில் அறிந்தது அந்தச் சிரிப்பால்தான். கெட்டிமேளம் முழங்கினபோது காரின் கதவெல்லாம் அதிர்ந்தது. அவர் தன் பக்கத்துக் கதவில் ஸ்பீக்கர் இருக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். ரீச்சர் வெளியே நின்று, வைத்திருந்த பூவை எங்கள் மேல் எறிந்தார். அப்பாவின் சால்வையில் ஒரு பூ தங்கியது. அவருக்குத் தெரியாது.

பிறகு நீ போனுக்குக் கிட்ட வந்தாய். "எங்கை நிக்கிறியள்? கார் ஓடுதோ?" என்று கேட்டாய். அந்தச் சொல்லோடு லைன் அறுந்தது. படம் நின்றுவிட்டது. நான் சொல்ல வாயெடுக்க முதல் அப்பா கதைக்கத் தொடங்கிவிட்டார், செற்றைப் பார்த்து, கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து. நான் நிறுத்தவில்லை. நிறுத்த என்னால் முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, அண்டைக்குச் சண்டிலிப்பாயிலை நான் வயரைப் பிடுங்கினது பிழையடா. உன்ரை பாட்டெல்லாம் இப்ப எனக்குப் பாடம். எல்லாம் நல்ல பாட்டு. நீ நடந்து போகேக்கை பின்னாலை வந்தன்தானே, அது உன்னை மறிக்க இல்லை. வெயிலுக்கை விழுந்திடுவியோ எண்டுதான். துளசிப் பிள்ளையைக் கவனமாப் பார். நேரம் கிடைக்கேக்கை வா. அவ்வளவுதான்."

சொல்லி முடித்துவிட்டுச் சாய்ந்து இருந்தார். "தம்பிக்குக் கேட்டதோ?" என்று என்னைக் கேட்டார். அந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்து என் முன்னால் நின்றது. நான் அதை வாசித்துவிட்டு, "ஓம், கேட்டது. அழுறான் போலை, கதைக்கேலாமல் இருக்கிறான்," என்றேன். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து நீ எடுக்கிற ஒவ்வொரு முறையும் நான் உள்ளுக்குள் செத்துப் பிழைத்தேன். தான் சொன்னதற்கு நீ ஏதாவது சொல்லுவாய் என்று அவர் காத்திருக்கிறார், நீ மழையை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய் என்று.

இன்று காலை இந்தக் கடிதத்தைத் தொடங்கினபோது அவர் பக்கத்து அறையில் இருந்து பேனாச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்.

"என்ன எழுதிறீர்?"

"தம்பிக்குக் கடிதம்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "இஞ்சருங்கோ, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். அண்டைக்கு லைன் அறுந்து போச்சுது. நீங்கள் கதைச்சது ஒண்டும் அவனுக்குக் கேக்கேல்லை."

அவர் தடவித் தடவிக் கதவடிக்கு வந்தார். பிறகு, "தெரியும்," என்றார்.

"தெரியுமோ?"

"லைன் இருக்கேக்கை செற்றிலை ஒரு இரைச்சல் இருக்கும். உமக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். அது நிண்ட பிறகுதான் நான் கதைச்சனான். அவன் கேட்டுக்கொண்டு நிக்க என்னாலை அதைச் சொல்லேலாது. தம்பிக்குக் கேட்டதோ எண்டு உம்மைக் கேட்டது, நீர் என்ன சொல்லுவீர் எண்டு பாக்கத்தான்."

"அப்ப, நான் எழுதட்டோ வேண்டாமோ?"

அவர் திரும்பிப் போகக் கதவு நிலையைப் பிடித்தார். "எழுதும்," என்றார். "நான் எழுதச் சொன்னதெண்டு எழுதவேண்டாம்."

எழுதிவிட்டேன், ராசா. இதற்குப் பதில் கடிதம் போடாதே. போனில் அவரிடம் கேட்கவும் கேட்காதே. அவர் மழுப்பிவிடுவார், நீயும் கோபித்துக்கொள்வாய். துளசியையும் கூட்டிக்கொண்டு வா. கொக்குவில் ஸ்ரேசனுக்கு நான்தான் கார் கொண்டுவருவேன். அவர் வெளியே இறங்கி, காரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். சனம் எல்லாம் இறங்கி வரும்போது எது உன் காலடி என்று அவருக்குத் தெரியாது. அதனால் நீ பேசாமல் கிட்ட வந்து நிற்காதே. தூரத்திலிருந்தே கதைத்துக்கொண்டு வா. எதையாவது கதை, துளசியோடு என்றாலும் கதை. நீ வருகிற பக்கம் அவர் முகத்தைத் திருப்பட்டும்.

அம்மா